கோட்பாடு என்ற சொல்லுக்கு ஒரு சான்று

மார்ச் 3, செவ்வாய்
அகராதி அலுவலகத்தில் ஆறாவது நாளாகக் 'கோட்பாடு'. அறிவியல் பொருளுக்குச் சான்றுகள் குவிந்து கிடக்கின்றன. இன்னொரு பொருளையும் எழுதிவிட்டேன்: 'ஓர் அமைப்பு சரியென நிலைநாட்டி, தன்னைச் சேர்ந்தவர்கள் ஏற்க வேண்டும் என எதிர்பார்க்கும் கருத்துகள்.' கொள்கை தனி ஆளுக்கும் இருக்கலாம். இதற்குப் பின்னால் ஒரு கூட்டம் வேண்டும். சான்று வாக்கியம்தான் இல்லை. அலுத்துப்போய் நானே ஒன்றை எழுதி, மூலம் 'பேச்சு' என்று சான்றுச் சீட்டில் போட்டுவிட்டேன்.

மார்ச் 4, புதன்
பதிப்பாசிரியர் பிடித்துவிட்டார். "'தம் கோட்பாட்டைப் போற்றிக் காத்தனர்' - யாரும்மா இப்படிப் பேசுறது? கல்வெட்டா?" அறையே சிரித்தது. இங்கே ஒரே விதி: யாராவது உண்மையில் சொல்லியிருக்க வேண்டும். பேச்சு என்றால் பேசியவர் கையெழுத்தும் வேண்டும். "உங்கப்பா சங்கச் செயலாளர்தானே? வீட்ல இல்லாத கோட்பாடா?"
இருக்கிறது. அதுதான் தொல்லை.

மார்ச் 5, வியாழன்
அண்ணன் போன் செய்தான். திங்கட்கிழமை பதிவுத் திருமணம். சங்கக் குடும்பங்களுக்கு வெளியே பெண் எடுக்கிறேன் என்றதற்குத்தான் இரண்டு வருடம் முன்பு அப்பா அவனை வீட்டைவிட்டு அனுப்பினார். "நீ சொல்லு அப்பாகிட்ட. அவர் வரணும். கேக்க எனக்குத் தெம்பில்ல."
எனக்கு மட்டும்?

மார்ச் 6, வெள்ளி
கல்யாணத்தைச் சொல்லத் துணிவில்லை. வேலையைச் சாக்காக வைத்துச் சாப்பாட்டு மேசையில் கையெழுத்துக்காக அப்பாவிடம் ஒரு சீட்டை நீட்டினேன். அண்ணனை அனுப்பிய அன்று வாசலில் நின்று அவர் சொன்னது, ஓர் எழுத்து மாறாமல்:
'மகன்னு பாத்தா கோட்பாடு நிக்காது.'
கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார்.
"நானா சொன்னேன்?"
"நீங்கதான்ப்பா."
"கோபத்துல சொல்றதையெல்லாமா எழுதி வைப்பே? 'மகனே ஆனாலும்'னு மாத்திக்கோ. கொஞ்சம் மரியாதையா இருக்கும்."
"சொன்னதைச் சொன்னபடிதான்ப்பா போடணும்."
பேனாவைத் திறந்தார். மூடினார்.
"இந்தப் புத்தகம் எத்தனை வருஷம் இருக்கும்?"
"நூறு வருஷமாவது."
"அதுவரைக்கும் நான் இதையேதான் சொல்லிட்டு நிப்பேனா?"
அப்போதுதான் சொன்னேன். திங்கள், பத்து மணி, பதிவு அலுவலகம். அம்மா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். அப்பா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 7, சனி
அப்பா சங்கக் கூட்டத்துக்குப் போகவில்லை. வயிறு சரியில்லையாம். மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டார்.

மார்ச் 8, ஞாயிறு
சீட்டு என் மேசைமேல் கிடந்தது. கையெழுத்து இல்லை. அந்தப் பொருளுக்குச் 'சான்று கிடைக்கவில்லை' என்றே எழுதிக் கொடுக்கப் போகிறேன். திட்டு விழட்டும். இன்னொரு முறை அவரிடம் கேட்க எனக்குத் தெம்பில்லை.

மார்ச் 9, திங்கள்
பதிவு அலுவலகத்துக்கு அப்பா வந்தார். உள்ளே வரவில்லை. தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "சும்மா, இந்தப் பக்கம் ஒரு வேலை." அண்ணன் எட்டிப் பார்த்தான், அப்படியே தலை குனிந்துகொண்டான். நானும் அம்மாவும் சிலை மாதிரி நின்றோம். அடுத்தது அண்ணனின் முறை.
அண்ணிதான் - அண்ணியாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது - வெளியே போனாள்.
"மாமா, இங்க வெயில் அடிக்குது. உள்ள ஃபேன் இருக்கு, வாங்க."
அப்பா அவளை முதல் தடவையாகப் பார்த்தார்.
"ஓடுதா?"
"ஓடுது மாமா. சத்தம்தான் ஜாஸ்தி."
எழுந்தார்.