பசுவின் பின்பாதிக்கு அம்மா வேஷம்

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். வேலை பார்க்கும் நூலகத்தில் தலைவலி என்று சொல்லி விடுப்பு எடுத்தேன். தலைவலி ஒன்றும் இல்லை. ஆண்கள் பெண் வேஷம் கட்டி, பார்க்க வந்தவர்களையும் கத்த வைக்கும் கிறிஸ்துமஸ் பான்டோ நாடகத்தில் இந்த வருடம் யார் யாருக்கு என்ன வேஷம் என்று ஆல்பியன் தியேட்டர் இன்று அறிவிக்கப்போகிறது. அந்த நேரத்தில் என் புருஷன் ஆர்னி தனியாக இருக்க வேண்டாமே என்றுதான்.

அவனோ ஓட்ஸ் கஞ்சியைக் கிண்டிக்கொண்டு, எனக்கென்ன என்பதுபோல் நின்றான். பத்து மணிக்குப் போனில் விளம்பரப் படம் வந்தது. பசுவை விற்று அவரை விதை வாங்கும் அதே கதைதான். வில்லனாக டிவி சீரியல்காரர் ஒருவர். தேவதையாகப் பாட்டுப் போட்டியில் ஜெயித்த பெண். நடுவில், இருபத்தொரு வருடமாக என் புருஷன் பாவாடை கட்டிக்கொண்டு, உதட்டுச் சாயத்தை மூக்கு வரை பூசிக்கொண்டு நின்ற இடத்தில், கதையில் வரும் அம்மா டாலியாக டேரில் ஹோம்வுட்.

டேரிலை ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிய வழியும் இல்லை. ஒன்பது வருடமாக அவன், இரண்டு பேர் சேர்ந்து போடும் பசு வேஷத்தில் பின்பாதி. கதை மாறினால் குதிரையின் பின்பாதி, ஒரு வருடம் ஒட்டகத்தின் பின்பாதி.

ஆர்னி படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். அவனுக்கு இப்போது குரல் என்று மிச்சமிருக்கும் அந்தக் காற்றில், "விக்கை இன்னும் கொஞ்சம் பின்னால தள்ளி வைக்கணும்" என்றான். கஞ்சியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். நான்தான் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 10, புதன்

மேக்ஸின் வந்தாள். துறைமுகத் தெருவில் மீனும் சிப்ஸும் விற்கிறாள், மிச்ச நேரத்தில் ஃபேஸ்புக்கில் ஆல்பியன் ரசிகர்கள் குழுவை நடத்துகிறாள். துக்க வீட்டுக்கு வருவதுபோல் பொட்டலத்தோடு வந்தாள். சிப்ஸில் மிளகாய்த்தூள் தாராளமாக இருந்தது.

குழு கொதிக்கிறதாம். போனைக் காட்டினாள். "பின்பக்கத்தை டாலி ஆக்கிட்டாங்க, அடுத்த வருஷம் வாலுக்கு ராஜா வேஷமா?" என்று ஒருவர். "ஒன்பது வருஷமா பின்னாலதான் பார்த்தோம். இப்ப முகத்தைப் பார்த்தா பின்னாலயே தேவல" என்று இன்னொருவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

"அவரைத் தூக்கி எறிஞ்சிட்டாங்க க்ளினிஸ். நீ என்னடான்னா கல்லு மாதிரி உக்காந்திருக்க" என்றாள் மேக்ஸின்.

என்ன சொல்வேன்? ஏப்ரலில் தொண்டையில் அறுவை செய்து கட்டியோடு குரலையும் எடுத்துவிட்டார்கள் என்றா? டேரிலைப் போடச் சொன்னதே ஆர்னிதான் என்றா? தியேட்டர் மேனேஜர், டேரில், நான் — மூன்று பேரிடமும் யாருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். அவன் சொன்ன காரணம் இது: "ஜனங்க ஒரு தடவை ஐயோ பாவம்னு பார்த்துட்டா அப்புறம் சிரிக்க மாட்டாங்க. டாலியை நினைச்சா சிரிப்புதான் வரணும்." அதனால் தியேட்டர் வாயே திறக்கவில்லை. பழி முழுக்க தியேட்டர் மேலும் டேரில் மேலும்.

ஆர்னி மாடியில் தூங்குகிறான் என்று பொய் சொன்னேன். படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 12, வெள்ளி

தியேட்டருக்குப் போன் செய்து கத்துகிறார்களாம். டிக்கெட் கொடுக்கும் பெண் அழுதுவிட்டாளாம். பாவம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஒரு காரியம் செய்தேன். சரியா தப்பா தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தைய என் பெயரில் அந்தக் குழுவில் சேர்ந்தேன். எல்லாரும் ஆர்னியைப் பற்றி எழுதியதைப் படித்தேன். முதல் தடவை சிரித்த குழந்தை, கடைசித் தடவை சிரித்த அப்பா, எல்லாம் இருந்தது. அழுதேன். சந்தோஷமாகவும் இருந்தது. என் ஆளை இத்தனை பேர் இப்படி நேசிக்கிறார்களே. நானும் எழுதினேன்: "ஆர்னி இல்லாம எங்க வீட்டுல கிறிஸ்துமஸே இல்ல."

உண்மையைத்தானே எழுதினேன். சாயங்காலத்துக்குள் அதற்கு எக்கச்சக்க இதயங்கள்.

அக்டோபர் 3, வெள்ளி

அந்த வரியை மஞ்சள் பனியனில் அச்சடித்து விற்கிறார்கள். கடவுளே.

இன்று டேரில் டீ குடிக்க வந்தான். ஒட்டடைக் கம்பு மாதிரி உயரம், காது இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு. உட்கார்ந்தவன் பிஸ்கட்டைத் தொடவில்லை. வேஷத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றான். தெருவில் ஒருவன் அவனைப் பார்த்து 'ம்மா' என்று பசுபோல் கத்தினானாம். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாமாம், ஆனால் ஒரு வரி மட்டும் தூங்க விடவில்லை என்று போனை நீட்டினான். என்னுடைய வரி.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது ஆர்னி அவன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்திருந்தான். ஆர்னியின் பேச்சு கேட்க வேண்டுமானால் நெருங்கித்தான் உட்கார வேண்டும். தன் அம்மா இறந்த வாரம் மேடையில் தனக்கு வசனம் சுத்தமாக மறந்துபோன நாளைச் சொல்லிக்கொண்டிருந்தான். அன்று பசுவின் முன்பாதி திகைத்து நிற்க, பின்பாதி மட்டும் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தது. காலை மடக்கிக் கன்னத்துக்குக் கை வைப்பதுபோல் ஒரு குளம்பைத் தூக்கி வைத்துக்கொண்டது. அரங்கம் சிரித்து உருண்டது. அது அடங்குவதற்குள் ஆர்னிக்கு வசனம் வந்துவிட்டது.

"உள்ள இருந்து உனக்கு ஒண்ணுமே தெரியாது. நான் மூச்சு விட்ட சத்தத்தை வச்சே புரிஞ்சிகிட்ட" என்றான் ஆர்னி. "அது போதும்டா டாலிக்கு. நீ விலகினா டிவில இருந்து எவனையாவது கூட்டிட்டு வந்து உக்கார வைப்பாங்க. அவனுக்கு ஜனங்க மூச்சு விடறது கேக்காது."

டேரில் விலகவில்லை. போகும்போது மூன்று பிஸ்கட் சாப்பிட்டான்.

அந்த வரியை அழித்துவிட்டேன். பனியனிலிருந்து எப்படி அழிப்பது?

நவம்பர் 8, சனி

மேக்ஸின் என்னிடம் ரகசியமாகத் திட்டத்தைச் சொன்னாள். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாள் போல.

டாலி முதன்முதலாக மேடைக்கு வந்ததும், கையை இடுப்பில் வைத்து, "இருக்கீங்களா கண்ணுங்களா?" என்று கேட்பாள். ஊரே "இருக்கோம் டாலி!" என்று கத்தும். "காதுல விழலையே" என்பாள். கூரை பெயர்வதுபோல் மறுபடி கத்துவோம். கத்துவோம் என்றால் அவர்கள். நான் இதுவரை கத்தியதில்லை, எனக்குக் கூச்சம். முதல் ஆட்டத்துக்குக் குழு பாதி அரங்கத்தை வாங்கிவிட்டதாம். டேரில் கேட்கும்போது யாரும் பதில் சொல்லப்போவதில்லையாம்.

வில்லன் வந்தால் ஊளையிடுவதுபோல் இவனுக்கும் ஊளையிடலாமே என்று யாரோ கேட்டார்களாம். மேக்ஸின் கெட்டிக்காரி. "ஊளையிட்டா அதையும் ஆட்டத்துல சேர்த்துக்குவாங்க. இங்க திட்டினாக்கூட பாசம்தான். சத்தமே வரக் கூடாது. அப்பதான் உறைக்கும்" என்றாளாம்.

உறைக்கும். டாலியை அந்த இடத்திலேயே கொன்றுவிடும்.

நவம்பர் 9, ஞாயிறு

சண்டை. கல்யாணம் ஆகி இப்படி ஒரு சண்டை போட்டதில்லை. அவனால் கத்த முடியாது என்பதால் நானும் கத்த முடியவில்லை. குசுகுசுவென்று சண்டை — பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் காதல் என்று நினைத்திருப்பாள்.

ஒரே ஒரு வார்த்தை சொல்ல விடு ஆர்னி, உன் தொண்டை போச்சுன்னு மேக்ஸின்கிட்ட மட்டும் சொல்றேன், அந்தப் பையன் தப்பிச்சிடுவான்னு கெஞ்சினேன். தலையை ஆட்டிக்கிட்டே இருந்தான். உனக்கு உன் மானம்தான் பெருசான்னு கேட்டுட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது.

அவன் சொன்னான்: "டேரில் மேல இரக்கப்பட்டு அவங்க கை தட்டினா, அவன் எப்பவும் எனக்குப் பதில் வந்தவனாத்தான் இருப்பான். சிரிச்சாத்தான் அவன் டாலி."

அதுவும் சரிதான். அதுதான் என் எரிச்சல்.

நவம்பர் 23, ஞாயிறு

மேக்ஸினிடம் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். உனக்கு ரொம்ப நல்ல மனசு க்ளினிஸ் என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒரு மஞ்சள் பனியனும் கொடுத்தாள்.

டிசம்பர் 6, சனி

முதலிலிருந்து எழுதுகிறேன்.

முதல் ஆட்டம், மத்தியானம். ஆர்னி தொப்பியும் மூக்கு வரை மஃப்ளருமாக வந்தான். பக்கவாட்டில், தூணுக்குப் பக்கத்து இருக்கை. இந்த அரங்கத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தது அவன் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. முன்னால் வயல் பூத்ததுபோல் மஞ்சள் பனியன்கள். எல்லாவற்றிலும் என் வரி.

தேவதை வலப்பக்கமிருந்து வந்தாள், கை தட்டினார்கள். வில்லன் இடப்பக்கமிருந்து வந்தான், ஆசை தீர ஊளையிட்டார்கள். பிறகு துணிக்கொடியில் மாட்டிய ராட்சத உள்பாவாடைகளுக்கு நடுவிலிருந்து டாலி வந்தாள். விக் சரியாகப் பின்னால் தள்ளியிருந்தது. டேரில் கையை இடுப்பில் வைத்தான்.

"இருக்கீங்களா கண்ணுங்களா?"

ஒன்றும் இல்லை. சில குழந்தைகள் வாயைத் திறந்து, பெரியவர்களை அண்ணாந்து பார்த்து மூடிக்கொண்டன. யாரோ மிட்டாய் காகிதத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

ஆட்டத்தில் அடுத்து என்ன இருக்கிறதோ அதைத்தானே சொல்ல வேண்டும், பாவம். "காதுல விழலையே" என்றான். அந்த அமைதியில் அந்த வசனம் எவ்வளவு கொடூரமாக இருந்தது. அவன் புன்னகை அப்படியே இருந்தது. கைவிரல்கள் மட்டும் பாவாடையைக் கசக்கின.

என் பக்கத்தில் ஆர்னி எழுந்தான். மஃப்ளரை இழுத்துக் கீழே தள்ளினான். வாயை முழுக்கத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, முழு பலத்தோடு கத்தினான் — காற்றுதான் வந்தது. மறுபடி கத்தினான். முன் வரிசைக்காரி தலையைக்கூடத் திருப்பவில்லை. ஐயோ, அந்த முகம். இருபத்தொரு வருஷம் இந்த ஊரையே கத்த வச்ச மனுஷன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பதில் சொல்ல முடியல அவனுக்கு.

நான் எழுந்ததே எனக்குத் தெரியாது.

"இருக்கோம் டாலி!"

நான்தான். நூலகத்தில் 'உஷ்' என்பதைக்கூட மெதுவாகச் சொல்கிற நான். கூரையில் பட்டுத் திரும்பி வந்தது.

தலைகள் திரும்பின. மேக்ஸின் திரும்பினாள். என்னைப் பார்த்தாள், கோபமாக. பிறகு என் பக்கத்தில் வாய் திறந்தபடி நின்றவனைப் பார்த்தாள். கழுத்தில் சிவந்த அறுவைத் தழும்பைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குள் டேரில் நெற்றிக்கு மேல் கை வைத்துக் கூட்டத்தைத் தேடினான். "அப்பாடா, ஒருத்தி இருக்கா. மத்தவங்க எல்லாம் பொம்மையா?" என்றான். சொல்லிவிட்டு, கன்னத்துக்குக் கை வைத்து, மேடையில் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். "பரவால்ல. நீங்க வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன். எனக்குப் பழக்கம்தான். ஒன்பது வருஷம் ஒரு மாட்டுக்குள்ள காத்திருந்தவ நான்."

முதலில் ஒரு குழந்தை சிரித்தது. பிறகு அதன் அப்பா. சிரிப்பு வரிசை வரிசையாக ஏறி வந்தது. மஞ்சள் பனியன்காரர் ஒருவர் அடக்கப் பார்த்து, முடியாமல் குலுங்கினார். "இருக்கோம் டாலி" என்று மேக்ஸின்தான் அடுத்துக் கத்தினாள், அழுதுகொண்டே. அப்புறம் கூரை நிஜமாகவே பெயர்ந்தது.

ஆர்னி உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து அணைத்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டிருந்தான். அழுதுகொண்டும்தான்.

காரில் சொன்னான்: "இவ்வளவு பெரிய தொண்டையை வச்சிகிட்டு இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டு இருந்த நீ?"

டிசம்பர் 7, ஞாயிறு

மேக்ஸின் வாசலில் நின்றாள், உள்ளே வரக் கூச்சப்பட்டு. ஆர்னி கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். குழுவில் யாருக்கும் எதுவும் சொல்ல மாட்டேன் என்றாள். பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தானாம், அவர்கள் வாயையும் அடைத்துவிட்டாளாம். அந்தப் பனியன் வரியை எழுதியது நான்தான் என்று சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "நல்ல வரிதான், என்ன, வித்துத் தீர்ந்துபோச்சு" என்றாள்.

டிசம்பர் 23, செவ்வாய்

கிறிஸ்துமஸ் விருந்துக்கு வான்கோழியும் மற்றதும் வாங்க சூப்பர்மார்க்கெட் போனோம். பட்டாணி அலமாரி பக்கத்தில் டேரிலைப் பார்த்தோம், இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் ஓடி வந்திருக்கிறான், காதோரம் பவுடர் அப்படியே இருந்தது. நின்று பேசிக்கொண்டிருந்தோம். ஒரு சின்னப் பெண் சாமான் வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "டாலி" என்றாள்.

அவள் அம்மா ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். டேரில் ஆர்னியைப் பார்த்தான், முகம் சிவந்து. அந்த அம்மா போனை ஆர்னி கையில் கொடுத்தாள். "அண்ணா, நீங்க ஒண்ணு எடுத்துத் தரீங்களா?"

அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. ஆர்னி வாங்கிக்கொண்டான். கண்ணாடியைச் சரிசெய்து, குனிந்து, நிதானமாகக் கோணம் பார்த்தான். அந்தச் சின்னப் பெண் வெட்கப்பட்டு டேரிலின் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆர்னி போனுக்கு மேலே தலையை நீட்டி, கீழுதட்டை மூக்கு வரை ஏற்றி, ஒரு புருவத்தை மட்டும் தூக்கினான். ஒரு சத்தமும் இல்லை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது எடுத்தான்.

"நீங்க குழந்தைங்களை நல்லா சிரிக்க வைக்கிறீங்க" என்றாள் அந்த அம்மா. ஆர்னி தொப்பியைத் தொட்டு வணங்கினான்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். வலிக்குதா என்று கேட்டேன். கொஞ்சம் என்றான். கொஞ்ச தூரம் போய், "படம் நல்லா வந்திருக்கு" என்றான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, வெண்ணெய் வாங்க மறந்துவிட்டோம்.