படி இல்லாத கூடாரம்

மூணாறு,
திங்கட்கிழமை

அன்பு மகள் சுப்பாத்தாளுக்கு அம்மா முத்தாத்தாள் எழுதுவது. நீயும் மாப்பிள்ளை சங்கையாவும் சுகமாக இருக்க மாகாளியம்மன் துணை.

இந்தக் கடிதம் நம் ஊர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரவில்லை. உங்கள் எஸ்டேட்டுக்கு இரண்டு மைல் தள்ளி, யூகலிப்டஸ் காட்டுக்குள் ஒரு கூடாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்படாதே, எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் அப்பாவுக்குத்தான் புத்தி கலங்கிவிட்டது.

கடலை விதைக்கிற நேரத்தில் திடீரென்று, மலைக்குப் போய்ச் சில்லென்று நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்றார். பழனிக்குக் கூப்பிட்டாலே வராத மனுஷர். அதற்கு முந்தின நாள்தான் ஆசாரியை வரவழைத்து, நன்றாயிருந்த நிலைப்படியைக் கரையான் அரித்துவிட்டது என்று பெயர்த்துப் போட்டிருந்தார். வாசலில் ஒரு சாக்கைப் போட்டுவிட்டுக் கிளம்பினோம். இரண்டு பேருக்கு எதற்கு மூன்று பெரிய பாத்திரம், எள்ளு, புளி என்று கேட்டேன். காட்டில் பசிக்கும் என்றார். உடுமலையிலிருந்து மூணாறு வரை பஸ்ஸில் நான் வாந்தி எடுத்ததுதான் மிச்சம்.

மூணாறில் கட்டிலும் வெந்நீரும் உள்ள அறை கிடைத்தது. உன் அப்பா அதன் வாசலில் நின்று காலடியைப் பார்த்தார். இது வேண்டாம் என்று திரும்பிவிட்டார். கடைசியில் இந்தக் காட்டுக்குக் கூட்டிவந்தார். எர்ணாகுளத்துக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து தங்கிக் கும்மாளம் போடுகிற இடம். எனக்குக் காலெல்லாம் அட்டை. கொண்டுவந்த தேங்காயைக் குரங்கு தூக்கிப் போயிற்று. குளிரில் பல் தந்தியடிக்கிறது.

சேறு உள்ளே வராமல் இருக்கட்டும் என்று கூடாரத்து வாயில் ஒரு தட்டைக் கல்லைப் போட்டேன். எடுத்து ஓடையில் எறிந்தார். காலையில் பழக்கதோஷத்தில் தண்ணீர் தெளித்துச் சின்னதாகக் கோலம் போட்டேன். ஓடி வந்து காலால் அழித்தார். ஏனுங்க, உங்களுக்கு என்ன வந்தது என்று கத்திவிட்டேன். எர்ணாகுளத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். "கோலம் போட்டா வாசலாயிப் போகுமில்ல?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ மாப்பிள்ளையோடு போன அன்று பங்காளிகள் முன்னால், "அவ இனி என்ற வாசப்படிய மிதிக்கக் கூடாது, நாங்களும் அவ வாசப்படிய மிதிக்க மாட்டோம்" என்று என்னையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தாரே, அந்த வாக்கு. இரண்டு வருடமாக அதைக் கட்டிக்கொண்டு அழுதவர், இப்போது படியே இல்லாத இடமாகத் தேடி வந்திருக்கிறார். வாயைத் திறந்து சொன்னால் குறைந்தா போவார்?

கூடாரங்களைப் பெருக்க வருகிற மாரித்தாய் உங்கள் எஸ்டேட் லயத்து வீட்டு வரிசையில்தான் இருக்கிறாளாம். உன்னைப் பற்றிக் கேட்டதற்கு, "அதுக்கு ஏழு மாசம்லா" என்று அவள் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறையூருக்கு வெல்லம் வாங்க வருகிற நம்மூர்க் குப்பண்ணன் முன்னமே அவரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நாளைக்குப் புளிச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் ஆக்கு என்கிறார். யாருக்கு என்று கேட்டால் குரங்குக்காம். பிள்ளைத்தாய்ச்சி மகளுக்குத் தாய்வீட்டில் ஆக்கிப் போடுகிற ஏழாம் மாதத்துக் கட்டுச்சோறு என்று சொல்ல அந்த நாக்கு வளையவில்லை.

மாரித்தாய் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளை மத்தியானம் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வா. உன் அப்பா பேசமாட்டார். மறுபடியும் மரத்தைத்தான் பார்ப்பார். பொறுத்துக்கொள். சாப்பிட்டபின் மாப்பிள்ளையிடம் நானே கேட்டு, பிரசவத்துக்கு உன்னைக் கூட்டிப்போகிறேன்.

உன்னையும் வயிற்றில் இருப்பதையும் மாகாளியம்மன் காக்கட்டும். மறுக்காமல் வா, சாமி. வீட்டு வாசலில் இப்போது வெறும் சாக்குதான் கிடக்கிறது. மழை பிடித்தால் தண்ணீர் உள்ளே ஏறும். நீ வந்து நுழைகிறவரை அவர் புதுப்படி வைக்கமாட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா