பிக்கப் வாங்கச் சொன்ன மகனுக்கு

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்படித்தானே ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டேன். நீயும் சுகமாக இருப்பாய், நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குப் படுத்தால். போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் உன் குரல் கேட்டாலே போதும், உங்கள் அப்பா அதைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிடுகிறார், அப்புறம் வீட்டில் நான் ஒருத்தி இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது, அப்பாவும் பிள்ளையும் டீசல், டர்போ, டயர் என்று பேசித் தீர்க்கிறீர்கள். இப்போது ஷெட்டில் ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருக்கிறார், கையெல்லாம் கரி, சீக்கிரம் உள்ளே வரமாட்டார்.

பழைய வேன் படுத்துவிட்டதும் நாம் வாடகைக்கு விடும் ஜெனரேட்டரை வெளி வண்டியில் அனுப்பிக்கொண்டிருப்பதும் உனக்குத் தெரியும். அதில் ஒரு குறையும் இல்லை, டிரைவர் வருகிறான், டிரெய்லரை மாட்டுகிறான், போகிறான். ஆனால் தன் ஜெனரேட்டரை அடுத்தவன் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் உங்கள் அப்பாவுக்கு வயிறு எரிகிறது. கட்டிட வேலை எடுத்துச் செய்கிற கான்ட்ராக்டர் ஒருவர் தன் பழைய டீசல் பிக்கப்பை விற்கப்போகிறார் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. நம் வாசலை விட அகலம், ஏறி உட்கார ஏணி வேண்டும், மலையையே கட்டி இழுக்குமாம். நம்மிடம் ஏது மலை, இருப்பது நாலு ஜெனரேட்டர் என்று சொன்னேன், பொம்பளைக்கு என்ன தெரியும் என்றார். உனக்குப் படம் அனுப்பினார். நீ என்ன செய்தாய்? எவ்வளவு ஓடியிருக்கிறது, யார் ஓட்டினார்கள், எதுவும் கேட்கவில்லை. செம வண்டிப்பா, யோசிக்காம வாங்கிடுங்க என்று எழுதி ஒரு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினாய். பஸ்ஸில் நின்றுகொண்டே அனுப்பியிருப்பாய். அதை அவர் தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். என் பையனே சொல்லிட்டான், இனி என்ன என்றார். ரொம்ப நன்றி ராஜா.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன், பதறாதே. கண்ணாடி மாற்றினேன் என்று அப்பா உன்னிடம் சொன்னார் இல்லையா, அன்றைக்கு டாக்டர் சொன்னது வேறு. கண்ணில் அழுத்தம் ஏறி ஓரப் பார்வை போய்விட்டது, நேரே இருப்பது நன்றாகத் தெரியும், பக்கவாட்டில் வருவது தெரியாது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து, இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். வெளியே வந்ததும் உங்கள் அப்பா, கண்ணாடி மாத்தணுமாம் என்கிறார். நானும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன், என் காதில் ஒரு கோளாறும் இல்லை. உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வதும் மேஜை ஓரத்தில் இருக்கும் தம்ளரைத் தட்டிவிடுவதும், இங்க கொண்டுவந்து யாரு வச்சது என்று என் மேல் பாய்வதும்தான் நடக்கிறது. அப்படிப்பட்டவருக்கு ஏன் இந்தப் பெரிய வண்டி என்று கேட்டால், உயரமா உட்கார்ந்தா எல்லாம் தெரியும்டி என்கிறார். கண்ணுக்கு வைத்தியம் பிக்கப்பில் இருப்பது அந்த டாக்டருக்குத் தெரியாமல் போய்விட்டது, பாவம்.

போன வாரம் பார்க்கப் போனோம். அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துச் சேசிஸ் முழுக்க ஸ்பேனரால் தட்டினார். ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தார். புகை என்ன நிறம் என்று சைலன்சர் பக்கத்தில் குந்தினார். பானெட்டைத் தொட்டுவிட்டு என் காதில், சூடா இருக்கு, நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான், காலையில எப்படி இருமுதுன்னு நமக்குத் தெரியக்கூடாதாம் என்று கிசுகிசுத்தார். என்னைக் கட்டிக்கொண்டபோது இதில் பாதி கூடப் பார்க்கவில்லை மனிதர். எல்லாம் ஆனபிறகு, அங்கே நின்ற டிரெய்லரை மாட்டி ரிவர்ஸ் எடுத்துப் பார்க்கிறேன் என்றார். கான்ட்ராக்டர் பின்னால் ஓரமாக நின்று கையை ஆட்டி, வாங்க வாங்க என்றார். இவரும் போனார், நேரே அந்த ஆள் மேலேயே. நான் கத்திய கத்தில் அவர் மணல் குவியலில் பாய்ந்து விழுந்தார், செருப்பு ஒன்று டயருக்கு அடியில் போய்விட்டது, டிரெய்லர் கேட் தூணில் இடித்து நின்றது. உங்கள் அப்பா இறங்கி வந்து, இந்தத் தூணை யாருங்க இங்க வச்சது என்று கேட்டார் பார், அந்தத் தூணே வெட்கப்பட்டிருக்கும். திரும்பி வரும்போது பிரேக் கொஞ்சம் சரியில்ல என்றார். நான் பயந்துவிட்டேன் கண்ணா. அந்த ஆள் ஒரு நொடி தாமதித்திருந்தால் என்ன கதியாகியிருக்கும்?

அப்புறம் நீ போன் பண்ணி வாங்கியாச்சா என்று கேட்டாய், பிரேக் சரியில்லைப்பா என்று அவர் மழுப்பினார், நீ உடனே பிரேக் சாமான் எங்கே மலிவு என்று தேடி அனுப்பினாய். படித்த பிள்ளை!

நேற்றுக் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, கிளம்பு என்றார். போனது அதே கான்ட்ராக்டரிடம்தான். நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க என்று முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறார். சில்லென்று கிடந்த இஞ்சின் ஒரு தடவை செருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது, புகையும் சீக்கிரம் தெளிந்தது. கண்ணை மூடி வெகுநேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு டிரைவர் பக்கம் போய்க் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார், திறக்கவில்லை. அங்கிருந்து பானெட்டைத் தடவிக்கொண்டே வண்டியைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு, நீ ஓட்டு என்றார். அவருக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் பழைய வேனை நான்தானே எடுத்துப் போவேன், அந்த லைசென்ஸ் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஏறக் கால் எட்டவில்லை, கான்ட்ராக்டர் பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார், அதில் ஏறித்தான் உட்கார்ந்தேன். போட்டுவிட்டு மனிதர் நல்ல தூரமாகப் போய் நின்றுகொண்டார். தெருமுனையில் திரும்பவேண்டும். அப்பா கழுத்தை முழுசாகத் திருப்பிப் பார்த்தார், இன்னும் ஒரு தடவை பார்த்தார், எனக்கு இந்தப் பக்கம் தெரியல, நீயே பாத்துக்கோ என்றார். தெரியல என்ற வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. வந்தால் சிரிசிரி என்று சிரிக்கவேண்டும் என்றுதான் இருந்தேன். சிரிப்பு வரவில்லை. எதுவும் வரல, போலாம் என்று சொல்லித் திருப்பினேன்.

வண்டியை வாங்குகிறோம். வாங்கச் சொன்னது நான். சாவி என்னிடம் இருக்கும், டிரெய்லரை மாட்டுவதும் இஞ்சினைப் பார்ப்பதும் அவர் பாடு. உனக்குப் போன் பண்ணி, அம்மாவுக்கு டிரைவிங் சொல்லிக் கொடுக்கிறேன், ரிவர்ஸ்தான் இன்னும் சுமார் என்று அளப்பார். அளக்கட்டும். நீங்க பக்கத்துல இருந்தாத்தான்பா அம்மாவுக்குத் தைரியம் என்று சொல். அது பொய்யில்லை. கண்ணைப் பற்றி நீயாகக் கேட்காதே, ஒருநாள் அவரே சொல்வார்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியது. இந்தக் கண் அழுத்தம் அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம் என்று டாக்டர் சொன்னார், அதனால் இந்த வாரமே போய்க் கண்ணைக் காட்டு. அங்கே டாக்டர் என்ன சொன்னாலும் ஒரு வார்த்தை மாற்றாமல் எனக்குச் சொல். இன்னொரு ஆளுக்கும் டிரைவராகப் போக எனக்கு நேரமில்லை.

ஆசியுடன்,
உன் அம்மா