நுரை வராத தூள்

கீரப்பாளையம்,
8.11.2009.

அன்பு மகள் சிவசக்திக்கு,

வள்ளலார் துணையால் நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம், பூனா குளிரில் நீயும் உடம்பைக் கவனித்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை, அதாவது போகவில்லை, பழகிவிட்டது. போனில் கேட்கும்போதெல்லாம் அம்மா எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றே சொல்கிறாள், ஆனால் இந்த ஆறு மாதத்தில் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்று என்னிடமும் சொல்லியிருக்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவின் மகளிர் குழு நம் மாட்டுக் கொட்டகையில் சலவைத் தூள் தயாரிப்பது உனக்குத் தெரியும். தூள் கலக்கும் தொட்டிகளைக் கழுவிய தண்ணீர் பின்னால் இருக்கும் குட்டையில்தான் விழும், யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை. அந்தக் குட்டையைக் குத்தகைக்கு எடுத்து உத்திராபதி மாமா கெண்டை வளர்த்தார். பங்குனியில் குட்டை முழுக்கப் பச்சையாகப் பாசி படர்ந்தது, சித்திரையில் ஒரே காலையில் மீன்களெல்லாம் செத்து மிதந்தன. மாமா சாயங்காலம்வரை அள்ளிக் குழி வெட்டிப் புதைத்தார். வெயில் ஜாஸ்தி, அதான் என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள், நானும் சொன்னேன்.

அப்புறம்தான் உன் கடிதம் வந்தது. உங்கள் கம்பெனியில் சலவைத் தூளிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துவிடும் வேலையில் உன்னைப் போட்டிருக்கிறார்கள், அந்தச் சரக்கு பாசிக்கு உரம் மாதிரி, பாசி அழுகினால் தண்ணீரில் மீனுக்கு மூச்சு இருக்காது என்று விவரமாக எழுதியிருந்தாய். நான் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிங்க என்றாள், படித்தேன். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை, நான் செய்த தவறு என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சாப்பாடு போடும்போது, "மீன் வாசனையே ஆகாத வூட்ல இருந்துகிட்டு அத்தன மீனையும் கொன்னது நாமதாங்க" என்றாள்.

இனிமேல் பாஸ்பேட் போடாமல் தூள் செய்வோம் என்று அம்மா சொன்னதும் குழுவில் பெரிய சண்டை. வீடு வீடாகப் போய் விற்கும் ஸ்ரீமதி, "நொரையே வராத தூள எவ வாங்குவா? உப்புத் தண்ணியில அழுக்கு போவுமா?" என்று கத்தியிருக்கிறாள். சோதித்துப் பார்க்க என் வேட்டிகளை எடுத்துக்கொண்டார்கள், என்னை யாரும் கேட்கவில்லை. முதல் தடவை சாம்பல் நிறம், இரண்டாம் தடவை மஞ்சள். சோடாவைக் கூட்டிக் குறைத்து நான்காம் தடவைதான் வெள்ளை என்று சொல்லும்படி வந்தது, அதற்குள் ஒரு வேட்டி கிழிந்துவிட்டது. தொட்டி கழுவும் தண்ணீருக்குக் குட்டைக்கு எட்டத்தில் தனிக் குழி வெட்டியாயிற்று. விற்பனை பாதியாகிவிட்டது, இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். ஸ்ரீமதி மட்டும் திட்டிக்கொண்டே விற்கிறாள்.

இதெல்லாம் முடிந்த பிறகும் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு உத்திராபதி மாமா வீட்டுக்குப் போனாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. "வெயிலு இல்ல தம்பி, எங்க தண்ணிதான். தெரியாம செஞ்சோம், தெரிஞ்சப்புறமும் வாய மூடிக்கிட்டு இருந்தேன்" என்றாள். அவர் மனைவி விருத்தாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா, "எனக்கு அப்பவே தெரியும்க்கா. நீங்க வருவீங்கன்னுதான் இத்தன நாளா வேற குட்ட பாக்கல" என்றார். அம்மா அங்கேயே அழுதாள். நான் அவர்கள் வீட்டுக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விருத்தாம்பாள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தாள், பேச்சு மட்டும் இன்னும் இல்லை.

போன வாரம் மாமா பாசியை வாரிவிட்டுப் புதிதாகக் குஞ்சு விட்டிருக்கிறார். எத்தனை பிழைக்கும் என்று அவருக்கே தெரியாதாம். அம்மா தினமும் விடிந்ததும் போய்க் கரையில் நிற்கிறாள். என்ன தெரிகிறது என்று இன்றைக்குக் கேட்டேன். மீன் தெரியலைங்க, தண்ணி தெரியுது என்றாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. காதில் பஞ்சு வைக்காமல் வெளியே போகாதே. பொங்கலுக்கு டிக்கெட் போட மறந்துவிடாதே, வரும்போது எனக்கு இரண்டு வேட்டி. நூறு வயசு நோய் நொடியில்லாமல் இரும்மா.

உன் அப்பா,
அம்பலம்.