சாட்சி எழுதிய ஒன்பது குறிப்புகள்

ஆகஸ்ட் 2

அன்புள்ள கத்தரிக்கு,

நான் நலம். நீயும் நலம் என்பது, நீ எழுதித் தெரிவிக்கும்வரை, என் அனுமானம் மட்டுமே.

தலைமைப் பதிவகத்துக்கு மாற்றலாகி வந்து நாற்பது நாள் ஆகிறது. என் பிரிவின் பெயர் ‘திரும்பிய படிவங்கள்’. கிளைப் பதிவகங்கள் ஏற்க மறுத்த பிறப்பு, இறப்பு, திருமணப் படிவங்களெல்லாம் கடைசியில் என் மேசைக்கு வரும். மறுத்தது விதிப்படிதானா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பெரும்பாலும் விதிப்படிதான் இருக்கிறது. அதனால் மத்தியானத்துக்கு மேல் உன்னை நினைக்க நேரம் கிடைக்கிறது.

இப்போது விஷயம். ஊழியர் குடியிருப்பில் எனக்கு வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு அறை. நீ உட்கார்ந்து பதிப்பக மெய்ப்புகளைத் திருத்த ஜன்னலோரம் இடம் இருக்கிறது. ஆனால் அது குடும்பஸ்தர்களுக்கான வீடு. மாத இறுதிக்குள் திருமணச் சான்றிதழின் நகலைக் கொடுக்காவிட்டால், வரிசையில் அடுத்து நிற்கும் கணக்காளருக்குப் போய்விடும். அவருக்கு இரட்டைக் குழந்தைகள். தினமும் காலையில், “என்ன தம்பி, பொண்ணு ஒத்துக்கிச்சா?” என்று விசாரிக்கிறார். ஒத்துக்கொண்டிருக்கக் கூடாது என்ற பதைப்பு அந்தக் குரலில் நன்றாகவே கேட்கிறது.

ஆகவே, என்னைத் திருமணம் செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். படிவம் ஒன்று இணைத்திருக்கிறேன்.

உன்,
முத்திரை


ஆகஸ்ட் 6

அன்புள்ள முத்திரைக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை அந்த ‘ஆகவே’யை எடுத்துவிட்டால் கடிதம் தேறும் என்று தோன்றியது. மூன்றாம் முறை கொஞ்சம் கண் கலங்கியது. ஜன்னலோரத்தைப் பற்றி நீ எழுதியிருக்கக் கூடாது.

உன்னோடு இருக்க எனக்கு முழுச் சம்மதம். அந்தச் சம்மதத்தை ஒரு துறைக்குத் தெரிவிக்கத்தான் சம்மதமில்லை. இரண்டு பேர் சேர்ந்து வாழ மூன்றாவதாக ஓர் அலுவலகம் எதற்கு?

இது உனக்குப் புதிதில்லை. சனிக்கிழமை வாசகர் வட்டத்தில் இதனால் மறுபடியும் மாட்டிக்கொண்டேன். யாரும் யாரோடும் வாழலாம், அது அவரவர் பாடு என்றேன். பாதிப் பேர் கைதட்டினார்கள். அதேபோல யாரும் கடை திறக்கலாம், பெயர்ப்பலகையின் அகலத்தை அளக்க ஓர் அதிகாரி எதற்கு என்றேன். கைதட்டிய பாதி நின்றது, மறுபாதி தொடங்கியது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்மா, நீ இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? ஒரு எடத்துல நில்லேன்.”

“ஒரே எடத்துலதான் சார் நிக்கறேன். கேக்காம உள்ள வராதீங்கன்னு சொல்றேன். படுக்கையறைக்கும் அதுதான், கடைக்கும் அதுதான்.”

“அப்போ ரோடு யாரு போடுவா?”

எப்பேர்ப்பட்ட விவாதமும் கடைசியில் இந்த ரோட்டில்தான் வந்து முடிகிறது.

“போடட்டும் சார். அதுல நான் யாரோட நடக்கறேன்னு கேக்க வேணாம்.”

அன்றைக்கு இரண்டு பக்கமும் எனக்குத் தேநீர் ஊற்றவில்லை. நானே ஊற்றிக்கொண்டேன். அதுவும் கொள்கைக்கு உகந்ததுதான்.

ஒரு செய்தி சொல்கிறேன், சிரிக்காதே. மாடிவீட்டு ரொட்டிக்காரரும் தையல்காரரும் வரும் பன்னிரண்டாம் தேதி திருமணத்தைப் பதிவு செய்கிறார்கள். போன வருடச் சட்டத்துக்குப் பிறகு இரண்டு ஆண்கள் செய்துகொள்ளலாமே. முப்பது நாள் முன்னறிவிப்பெல்லாம் முடிந்துவிட்டது. தையல்காரருக்கு இருபத்தொன்றாம் தேதி குடலிறக்க அறுவை சிகிச்சை. இரண்டு மாதம் முன்பு பரிசோதனைக்குப் போனபோது செவிலி ரொட்டிக்காரரை வாசலில் நிறுத்தியிருக்கிறார்.

“நீங்க யாரு?”

“பதினேழு வருஷமா கூட இருக்கறவன்.”

“அதைக் கேக்கல. சொந்தமா?”

“இல்ல... ஆமா.”

“ஆமாவா, இல்லையா?”

நான்கு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். அதனால்தான் இந்த அவசரம். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போகிறேன். நேசிப்பவர்கள் கேட்டால் போகத்தான் வேண்டும். கொள்கை என்ன, வீட்டில் காத்திருக்கட்டும்.

உன்,
கத்தரி


ஆகஸ்ட் 9

அன்புள்ள கத்தரிக்கு,

சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர் உடம்புக்கு என்ன என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தேன்.

பிறகு கோபம் வந்தது. உன் கொள்கை ராஜ்ஜியத்தில் ரொட்டிக்காரர் இன்னும் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். பலம் உள்ளவனுக்குக் காகிதம் வேண்டாம். கதவை உதைத்துக்கொண்டு போவான். மற்றவர்களுக்குக் காகிதம்தான் கை. அதை அச்சடிக்கிற இடத்தில் நான் வேலை பார்க்கிறேன் என்பதில் எனக்கு வெட்கமில்லை.

கணக்காளர் நேற்று ‘நம்’ வீட்டு ஜன்னலை அளந்துவிட்டு வந்திருக்கிறார். திரைச்சீலைக்காம்.

பன்னிரண்டாம் தேதிக்கு ஓர் எச்சரிக்கை. கறுப்பு மை. கட்டத்துக்குள் மட்டும் எழுதச் சொல். நீ கையெழுத்தைப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்.

உன்,
முத்திரை


ஆகஸ்ட் 13

அன்புள்ள முத்திரைக்கு,

பெரிய தவறு செய்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

நேற்று இருவரும் இஸ்திரி போட்ட சட்டையோடு பதிவகத்துக்கு வந்தார்கள். படிவத்தை நிரப்பி என்னிடம் கொடுத்துவிட்டு, புகைப்படம் எடுக்க எதிர்க் கடைக்குப் போனார்கள். கூட்டம். எங்கள் எண் வர ஒன்றரை மணி நேரம். மடியில் நான்கு பக்கக் காகிதம், பையில் சிவப்புப் பேனா. வெட்டித் திருத்துவதைத் தவிர ஏழு வருடமாக இந்தக் கை வேறென்ன செய்திருக்கிறது? நீ எனக்குக் கத்தரி என்று பெயர் வைத்ததே அதற்குத்தானே. யோசித்துச் செய்யவில்லை, நம்பு. எண்ணைக் கூப்பிட்டபோதுதான் பேனா திறந்திருப்பதையே பார்த்தேன். அதற்குள் ரொட்டிக்காரர் வந்து படிவத்தை வாங்கி நீட்டிவிட்டார்.

ஜன்னலுக்குள் இருந்த அலுவலர் அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

“யாரும்மா இதுல பரீட்சை திருத்தினது?”

இருபத்து நான்கு கேள்விகளில் ஒன்பதுக்குக் குறிப்பு எழுதியிருந்தேன். ‘இதற்கு முன் வசித்த எல்லா முகவரிகள்’: ‘நீளம். நீக்கலாம்.’ ‘தந்தையின் தொழில்’: ‘மணப்பது தந்தையையா?’

அந்த அம்மா கத்தியிருந்தால் தேவலை. மெதுவாக, “இது சிதைச்ச படிவம். ஏத்துக்க முடியாது. புதுசா போட்டா மறுபடியும் முப்பது நாள்” என்றார்.

தையல்காரர் என்னைத் தேற்றினார். “விடும்மா, நாலு வருஷம் முன்னாடி இதே ஜன்னல்ல ஒரு தடவ கேட்டுப் பாத்தோம். ரெண்டு பேரும் ஆம்பளைங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பழகிப்போச்சு.” ரொட்டிக்காரர் எங்களுக்கு முன்னால் நடந்து போய்விட்டார். இன்று காலை என் கதவில் வழக்கமான ரொட்டி தொங்கவில்லை.

அந்தப் படிவம் உன் மேசைக்குத்தான் வரும். நான் உன்னிடம் எதையும் கேட்கும் தகுதியில் இல்லை. அறுவை சிகிச்சைக்கு எட்டு நாள் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். நீ சொன்ன வாதத்தையும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். ‘உங்களுக்கு யார் வேண்டும்?’ என்று அந்த மருத்துவமனை நோயாளியையே கேட்டிருந்தால் காகிதம் வேண்டியிருக்காது. இருபத்தொன்றாம் தேதிக்குள் மருத்துவமனையைத் திருத்தி எழுத முடியாது என்பதுதான் என் தோல்வி.

உன்,
கத்தரி


ஆகஸ்ட் 17

அன்புள்ள கத்தரிக்கு,

சான்றிதழ் இன்று விரைவுத் தபாலில் போகிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ மூச்சு விடு.

படிவம் வந்ததும் உன் கையெழுத்தைக் கண்டு குனிந்து மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்தேன். உனக்காக விதியை வளைக்க மாட்டேன். அது உனக்கே தெரியும். முப்பத்தோராம் விதி: படிவத்தில் காணும் கூடுதல் எழுத்துகள் தரப்பினரின் விவரங்களை மாற்றாத பட்சத்தில் அவற்றைச் சாட்சியின் கூற்றாகப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, படிவத்தை ஏற்கலாம். ஆகவே உன் ஒன்பது குறிப்புகளையும் என் கையால் பதிவேட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே முத்திரை வைத்திருக்கிறேன். இனி அவை அரசாங்கத்தின் நிரந்தர ஆவணம். எந்த அதிகாரியாலும் அழிக்க முடியாது. அரசாங்கத்தைக் குறைக்க வந்தவள் அதில் இரண்டு பக்கம் கூட்டியிருக்கிறாய்.

கண்காணிப்பாளர் கையெழுத்திடும்போது ‘மணப்பது தந்தையையா?’ என்பதில் நின்றுவிட்டார்.

“ஆமா, இதை நாம ஏன் கேக்கறோம்?”

கணக்காளர், “அது எப்பவும் இருக்கு சார்” என்றார்.

ஒன்பதாவது குறிப்பையும் பார்த்தேன். ‘திருமணத்துக்கான காரணம்’ என்ற கட்டத்தில் ரொட்டிக்காரர், ‘சாயங்காலம் சேர்ந்து சாப்பிட’ என்று எழுதியிருக்கிறார். ஓரத்தில் நீ, ‘அப்படியே இருக்கட்டும்’ என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் நிதானமாக, நல்ல கையெழுத்தில் பதிவேட்டில் ஏற்றினேன்.

இனி சொல்வது கஷ்டமானது. விதிப்படி பழைய கோப்பையும் சேர்க்க வேண்டும். வரவழைத்தேன். நான்கு வருடத்துக்கு முன் அவர்கள் கொடுத்த படிவம் உள்ளே இருந்தது. ‘இருவரும் ஆண்கள். நிராகரிக்கப்படுகிறது.’ கீழே இருப்பது என் கையெழுத்து. உன்னைச் சந்திப்பதற்கு முன்பு, நம் ஊர்க் கிளையில் என் முதல் வருடம். அவர்கள் முகம்கூட நினைவில்லை. அன்றைக்கும் நான் விதிப்படிதான் செய்தேன். காகிதம்தான் கை என்று உனக்கு எழுதினேன். அந்தக் கையை வெட்டியவனும் நான்தான் என்பது தெரியாமல்.

நீ சொல்வது முழுக்கச் சரி என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் நம் இருவர் விஷயத்தில் இனி எந்த ஜன்னலிலும் போய் நிற்கச் சொல்ல மாட்டேன். வீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கணக்காளர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். படிவம் எதுவும் இல்லாமல் கேட்கிறேன்: நான் உன்னிடம் வரலாமா?

உன்,
முத்திரை


ஆகஸ்ட் 22

என் அன்பே,

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தையல்காரர் தன் வயிற்றில் போட்ட தையலைப் பார்த்துவிட்டு, “இடைவெளி ஒரே சீரா இல்ல” என்று மருத்துவரிடம் குறை சொல்லியிருக்கிறார்.

ரொட்டிக்காரர் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டே எடுத்துக்கொண்டு போனார். வாசலில் வேறு செவிலி. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அதெல்லாம் எதுக்குங்க, உள்ள போங்க” என்றார். ரொட்டிக்காரருக்கு வந்ததே கோபம்! “இல்ல, நீங்க பாக்கணும். முத்திரை இருக்கு பாருங்க!” பின்னால் இருந்தவர்கள் நகரச் சொல்லும்வரை வாசலிலேயே நின்றிருக்கிறார்.

உன் பழைய கையெழுத்தைப் பற்றி அவர்களிடம் நான் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. சொல்வாய் என்று தெரியும்.

வா. ஆனால் நீ மட்டும் தினமும் இரண்டரை மணி நேரம் ரயிலில் போய் வர வேண்டாம். மூன்று நாள் நீ இங்கிருந்து போ. மூன்று நாள் நான் அங்கு வருகிறேன், ஓர் அறை பார்த்து வை. மெய்ப்பை ரயிலிலும் பார்க்கலாம். ஏழாம் நாள் யாரும் எங்கும் போவதில்லை. இது நமக்குள் ஒப்பந்தம். மீறினால் நாமே விசாரித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன்.

“ஞாயித்துக்கிழமையிலேர்ந்து என்கூட ஒருத்தர் இருப்பார்.”

“யாரு?”

“எனக்கு வேண்டியவர்.”

நான் வாதத்துக்குத் தயாராக நின்றேன்.

“குளியலறைக் குழாய் ஒழுகுதே, அதைச் சரிபண்ணத் தெரியுமா அவருக்கு?”

தெரியும் என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமைக்குள் யாரிடமாவது கற்றுக்கொண்டு வந்து சேர்.

உன்,
கத்தரி