பெனாங் வேணும்

வேலைக்குக் கொண்டுபோகும் பையின் வார் இன்று காலை நுனி பிரிந்து நின்றது. பிசிறைக் கத்தரித்துவிட்டு, மேலும் பிரியாமல் இருக்க லைட்டரைக் காட்டினேன். நைலான் உருகிச் சின்னக் கறுப்பு முத்தாகத் திரண்டது. அந்தக் கருகல் வாடை மூக்கில் ஏறியதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தொழிற்சாலை பஸ் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீடு முழுக்க இருந்த வாடை அது. அறுபது பின்னல் என்றால் அறுபது நுனி. ஒவ்வொன்றாக நான் கருக்கிக்கொண்டு வர, நீ கழுத்தைக் குறுக்கிக்கொண்டு, "காதைச் சுட்டுடாதே டி, எங்கிட்ட அது ஒண்ணுதான் ஒழுங்கா இருக்கு" என்பாய்.

நீ போய் ஐந்து மாதமாகிறது. உனக்கு எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். ஆனால் வேறு யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று நெஞ்சில் கிடக்கிறது. நீ கடைசியாகக் கேட்டது என்ன என்பது எனக்கு நிஜமாகவே புரியவில்லையா, இல்லை புரியாத மாதிரி இருந்துகொண்டேனா என்பதுதான் அது.

உன் புருஷன் செத்து, என் புருஷன் இன்னொருத்தியோடு போய், நாம் இரண்டு பேரும் பினாங்குத் தீவில், பாயான் பாருவில் ஒரு ஃபிளாட்டில் சேர்ந்தபோது, உன்னை விட உன் முடிதான் எனக்கு முதலில் பழக்கமானது. குளியலறைச் சாக்கடை வாயில், தலையணையில், சோற்றுப் பானை மூடியில்கூட. கம்பிச் சுருள் மாதிரியான முடி. பேக்கிங் பகுதியில் ஷிப்ட் முழுக்கத் தொப்பியை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வியர்வையில் ஊறி, தொப்பி விளிம்பில் உரசி உரசி, காதோரமெல்லாம் ஒடிந்து போகும். தொப்பியைக் கழற்றி உதறினால் மேசையில் பொடி முடியாக விழும். நேராக்குகிறேன் என்று சலூனுக்குப் போய் ரீபாண்டிங் செய்துகொண்டாய். ஒரு மாதம் விளம்பரத்தில் வருகிறவள் மாதிரி இருந்தாய். அடுத்த மாதம் பாதி முடி சீப்போடு வந்துவிட்டது. நீ அழுது நான் பார்த்தது அதற்கு மட்டும்தான். உன் புருஷனைப் பற்றிப் பேசும்போதுகூட நீ அழுததில்லை.

மேல்மாடி கிரேஸ் உன்னைப் பிடித்தது லிஃப்டில். ஜாம்பியாவிலிருந்து படிக்க வந்த பெண். உன் தலையைப் பார்த்துவிட்டு, "இந்த முடியை நீ சீவிச் சீவியே கொல்கிறாய்" என்று இங்கிலீஷில் சொன்னாளாம். இப்படிப்பட்ட முடியை நூலோடு சேர்த்துப் பின்னி மூடிவிட வேண்டும், ஒரு மாதம் ஒன்றரை மாதம் சீப்பே படக் கூடாது, தொப்பி உரசினாலும் நூலைத்தான் உரசும், முடி உள்ளே சும்மா கிடந்து வளரும் என்றாள். என்ன நூல் என்று கேட்டாய். போனில் படம் காட்டினாள். "ஓ, பெனாங்" என்றாய். நூலுக்கு மலாயில் அதுதானே. "ஆமாம், பெனாங்தான், எனக்கும் தெரியும், எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று அவள் கேட்க, நீ மறுபடியும் "பெனாங்" என்று சொல்ல, ஆறு மாடி ஏறும்வரை இரண்டு பேரும் ஊர்ப் பேரையும் நூலையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தீர்களாம்.

அன்றிலிருந்து நம் வீட்டில் நூலுக்கு வேறு பெயர் கிடையாது. ஊரை நாம் எழுதும்போதுதான் பினாங்கு, பேச்சில் பெனாங்தான். பேச்சில் வருகிறபடியே தமிழில் எழுதினால் ஊருக்கும் நூலுக்கும் ஒரே எழுத்து. ஃபிரிட்ஜ் மேல் நீ ஒட்டும் சீட்டில் "முட்டை, பால், பெனாங்" என்று இருக்கும். "முட்டையும் பாலும் கிடைச்சது, பெனாங்கைத் தூக்க முடியலை, அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்" என்பேன் நான். ஒன்பது வருடம் ஒரே நகைச்சுவையைச் சொல்லிச் சிரித்த கிறுக்கிகள் நாம்.

முதல் தடவை நீ செய்தது பெரிய கூத்து. கிரேஸ் அக்ரிலிக் நூல் என்று படித்துப் படித்துச் சொல்லியும், கேம்பல் ஸ்திரீட் பக்கம் இருந்த நூல்கடையில் உசத்தியானது வேண்டும் என்று அசல் ஆட்டு ரோமக் கம்பளியை வாங்கி வந்தாய். இந்த ஊர் வெயிலில் தலைக்குக் கம்பளி. இரண்டே நாளில் அரிப்பு. தண்ணீர் பட்டதும் நூல் சுருங்கி முடியைக் கவ்விக்கொண்டது. ஒரு ஞாயிறு முழுக்க நான் ஊசியும் கத்தரியுமாக உட்கார்ந்து பிரித்தெடுத்தேன். அடுத்த வாரம் நானும் கூட வந்தேன். கடைச் சீன ஆன்ட்டி, "குழந்தைக்குச் சட்டை பின்னவா?" என்று மலாயில் கேட்டாள். நீ உன் தலையைத் தொட்டுக் காட்டினாய். அவள் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அக்ரிலிக் பெட்டியை இழுத்து முன்னால் வைத்தாள். "என்ன கலர்?" என்று உன்னைக் கேட்டேன். "கறுப்பு. ஒண்ணே ஒண்ணு மட்டும் நீலம்" என்றாய். அதற்குப் பிறகு எத்தனை தடவை பின்னியிருப்போம். ஒவ்வொரு தடவையும் நான் என்ன கலர் என்று கேட்பேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான் வரும்.

நீ தரையில் பாயைப் போட்டு உட்காருவாய். நான் நாற்காலியில், உன் தலை என் முழங்கால்களுக்கு நடுவில். வால் சீப்பால் கட்டம் கட்டமாக வகிடு எடுத்து, வேரில் எண்ணெய் தொட்டு, நூலை இரட்டையாக மடித்து மண்டையோடு ஒட்டி முடிந்து, முடியை நூலுக்குள் ஒளித்துக்கொண்டே கீழே இறங்க வேண்டும். வேரில் இறுக்கினால் கொப்புளம் வரும், முன்நெற்றி முடி வேரோடு வந்துவிடும். தளர்ந்தால் நான்காம் நாள் நழுவும். எனக்குக் கை வேகம், பொறுமை கிடையாது. "பெலான் பெலான் லா, மெதுவா டி, தலையைக் கழட்டி மடியில வச்சுக்குவே போல" என்று நீ கத்துவாய். காலையில் தொடங்கினால் சாயங்காலம் ஆகும். நடுவில் நீ அசையாமல் இருக்க, நான் சோற்றை உருட்டி உன் வாயில் போடுவேன். என் முடிக்கும் ஒருமுறை பின்னிப் பார்த்தாய். எண்ணெய் தடவிய வாழைத்தண்டு மாதிரி வழுக்குகிறது என்று விட்டுவிட்டாய்.

கோயிலில் ஒரு ஆன்ட்டி உன்னை நிறுத்தி, "தலையில என்னம்மா, கயிறா?" என்று கேட்டார். "ஆமா ஆன்ட்டி, ஃபெரி கட்டுறதுக்கு" என்று சொல்லிவிட்டுப் பிரகாரம் சுற்றப் போய்விட்டாய். அவர் முகத்துக்கு எதிரே சிரிக்காமல் நிற்க நான்தான் மாட்டிக்கொண்டேன். மழை மாதத்தில் தலையை நனைத்தால் நூல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் காயாது. காற்றாடிக்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டு நிற்பாய். ஈரத்துணி வாடை வீசும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு, ஒன்றரை மாதம் கழித்துப் பிரித்தோமே, அன்றைக்கு நீ கண்ணாடி முன்னால் நின்று ஒரு சுருளை இழுத்து இழுத்து விட்டாய். அது தோளைத் தொட்டுத் துள்ளி மேலே ஏறியது. "பாரு டி, உள்ளேயே இருந்திருக்கு" என்றாய். அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு உன்னைப் பார்த்தேனா என்று யோசிக்கிறேன். பார்த்ததாக நினைவில்லை.

போன வருடம் ஒரு ஞாயிறு வகிடு எடுக்கும்போது மண்டையில் ஊதா நிறத்தில் புள்ளிகள் தெரிந்தன. நான் இறுக்கியதால் ரத்தம் கட்டியது என்று நினைத்தேன். நீயும் அப்படித்தான் நினைத்தாய். அடுத்த இரண்டு தடவை தளர்த்திப் பின்னினேன். புள்ளி கையிலும் காலிலும் வந்த பிறகுதான் டாக்டரிடம் போனோம். ரத்தத்தில் வந்த நோய் என்றார்கள். வார்டில் உன் பின்னல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தந்தேன். நீ நூலைச் சுருட்டி, "துவைச்சு வை, திரும்பப் போடலாம்" என்றாய்.

பிறகு உன் தம்பி வந்து, பாலத்துக்கு அந்தப் பக்கம், அக்கரையில் புக்கிட் தெங்காவில் இருக்கும் அவன் வீட்டுக்கு உன்னை அழைத்துப் போனான். "பார்த்துக்க ஆள் வேணும் அக்கா. நீங்க வேலைக்குப் போயிட்டா அவங்க தனியா கிடக்கணும்" என்றான். சொன்னது நியாயம்தான். அவனையும் அவன் மனைவியையும் நான் குறை சொல்ல மாட்டேன். முதல் ஞாயிறு வந்தேன், இரண்டாவது ஞாயிறும் வந்தேன். அப்புறம் ஓவர்டைம் என்றேன். ஓவர்டைம் இருந்தது உண்மை. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் என்பதும் உண்மை. நீ மெலிந்துகொண்டே போவதைப் பார்க்கப் பயமாக இருந்தது. அது மட்டும் இல்லை. உன் துணி, செருப்பு, எண்ணெய்க் குப்பி எல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததைத் தாங்க முடியாமல், ஐந்து அட்டைப் பெட்டிகளில் போட்டு ஒட்டி, உன் கட்டில் மேல் அடுக்கிவிட்டேன். நீ உயிரோடு இருக்கும்போதே.

நான் வராத மூன்றாவது வாரம்தான் போனில் உன் செய்தி வந்தது. "பெனாங் வேணும்." அவ்வளவுதான்.

நூல் என்று எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை வேலை முடிந்ததும் நேராகக் கேம்பல் ஸ்திரீட் போனேன். கறுப்பு ஆறு உருண்டை, நீலம் ஒன்று. நல்ல காரியம் செய்கிறவள் மாதிரி மனசு லேசாக இருந்தது. மறுநாள் காலை பாலம் தாண்டி வந்து, உன் படுக்கையில் பையைக் கவிழ்த்தேன்.

நீ நூலைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். பிறகு தலையில் கட்டியிருந்த துணியை மெதுவாக அவிழ்த்தாய். ஒரு முடிகூட இல்லை. புருவமும் இல்லை.

"இதுல எங்க டி பின்னுவே?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல் கேட்டாய். மருந்து ஏறினால் முடி கொட்டும் என்று ஊருக்கே தெரியும். மூன்று வாரம் வராதவளுக்கு மட்டும் தெரியவில்லை. நீ நீல உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "பெனாங் கேட்டேன், பெனாங்தான் கொண்டு வந்திருக்கே. உன்னைத் தப்பு சொல்ல முடியாது லா" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலாக மாறியது.

உன் தம்பி மனைவி தண்ணீரோடு வந்தாள். "தினமும் இதே பேச்சுதான் அக்கா. பாலம் தாண்டணும், என் கட்டில்ல படுக்கணும்னு" என்றாள்.

"இப்பவே போலாமா?" என்று என்னைக் கேட்டாய். "தம்பி காரு இருக்கு. ஒரு மணி நேரம் படுத்துட்டு வந்துடுறேன்."

உன் தம்பி சாவியைக் கையில் எடுத்துவிட்டான். "நீங்க சரின்னா கூட்டிட்டு வர்றேன் அக்கா" என்றான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தீர்கள். எனக்கு அந்த ஐந்து பெட்டிகள்தான் கண் முன்னால் நின்றன.

"இன்னைக்கு வேணாம். வீடு குப்பையா கிடக்கு. அடுத்த ஞாயிறு போலாம்" என்றேன்.

"என் கட்டில் இருக்குல்ல?"

"இருக்கு."

"சரி லா" என்றாய். பிறகு நீல உருண்டையை என் மடியில் போட்டாய். "சரி, வாங்கிட்டு வந்த நூலை வீணாக்காதே. சும்மா பின்னிக் காட்டு" என்றாய். ஜன்னல் கம்பியில் மூன்று இழையைக் கட்டினேன். அடி முனையை நீ பிடித்துக்கொண்டாய். முடி இல்லாத வெறும் நூல். கை என்னவோ பழக்கத்தில் முடியைத் தேடிக்கொண்டே இருந்தது. "இறுக்காதே, பெலான் பெலான்" என்றாய். யாருக்கு வலிக்கப்போகிறது என்று நான் கேட்கவில்லை. முழ நீளம் வந்ததும் லைட்டரால் நுனியைக் கருக்கித் தந்தேன். நீ அதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாய்.

திங்கள், செவ்வாய், புதன். வேலை விட்டு வந்ததும் பெட்டி பெட்டியாகப் பிரித்தேன். துணியை அலமாரியில் அடுக்கினேன், செருப்பை வாசலில் வைத்தேன், எண்ணெய்க் குப்பியும் வால் சீப்பும் இருந்த இடத்துக்கே போயின. கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டேன். பெட்டியே கட்டாத மாதிரி ஆக்கிவிட்டேன். வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உன் தம்பி கூப்பிட்டான்.

உன்னைக் கொண்டுபோகும்போதும் அந்தப் பின்னல் உன் கையில்தான் இருந்தது. யாரும் கழற்றவில்லை. சாம்பலை அக்கரையிலேயே கரைத்தார்கள். அங்கே நின்று பார்த்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் பினாங்கு தெரிகிறது. "இங்கேயே கரைச்சிடலாமா அக்கா?" என்று உன் தம்பி என்னைத்தான் கேட்டான். சரி என்றேன்.

இப்போது உன் அறை நீ இருந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக இருக்கிறது. அதனால் உனக்கும் ஒன்றும் இல்லை, எனக்கும் ஒன்றும் இல்லை. மிச்ச நூல் நான் தினமும் தோளில் மாட்டிப்போகும் அந்தப் பையில்தான் கிடக்கிறது. எடுத்து வெளியே வைக்க வேண்டும் என்று நினைப்பேன், வைப்பதில்லை. நூல் என்றால் கடைக்குப் போய் வாங்கி வந்துவிடலாம். ஊர் என்றால் உன்னை அழைத்து வர வேண்டும், உன் பக்கத்தில் உட்கார வேண்டும், நீ சாவதைப் பார்க்க வேண்டும். எனக்கு எது சுலபமோ அதை நீ கேட்டதாக வைத்துக்கொண்டேன். அறியாமல் செய்தேன் என்று சொல்லிப் பார்க்கிறேன், வாய் வரவில்லை.

போனை மாற்றவில்லை. உன் செய்தி அதில் அப்படியே இருக்கிறது. வந்த நேரத்தைப் பார்த்தேன், நான் பதில் அனுப்பிய நேரத்தையும் பார்த்தேன். இரண்டும் ஒரே நிமிடம்.

"பெனாங் வேணும்."

"என்ன கலர்?"