சிந்தசைசரில் நாதசுரம்

1988 ஜூலை, வியாழன் இரவு. வுனிமோனோ.

நாட்குறிப்பு எழுதப் பழகியபின் நான் எழுதும் முதல் நல்ல செய்தி இது.

போன வருடம் இந்தத் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் எங்கள் அம்மன் கோயில் நாதசுரக்காரர் கனடா போய்விட்டார். ஞாயிறு திருவிழாவுக்கு நாதசுரம் இல்லையே என்று கவலைப்பட்டேன். இன்று பக்கத்து வீட்டுப் பூர்வகுடிப் பையன் ஜோசபா, தான் ஓட்டலில் வாசிக்கும் சிந்தசைசர் கீபோர்டைத் தூக்கி வந்தான். அதன் குரல் நாதசுரம் போலத்தான் இருந்தது. ஆனால் சுரத்தை வளைக்கும் பிடியை முழுக்கத் தள்ளியும் கொஞ்சம்தான் ஏறியது. எவ்வளவு ஏற வேண்டும் என்று நான் பாடிக் காட்டினேன். வளைவின் அளவைக் கூட்டும் குமிழை அவன் திருகினான்.

“மாடு கத்துறாப்ல இருக்குது,” என்று என் மனைவி சிரித்தாள்.

“இருங்க மாமி, குறைக்கிறேன்,” என்றான் இந்தியில்.

சிறிது சிறிதாகத் திருப்பி, என் குரல் ஏறிய இடத்துக்கே கொண்டுவந்தான். அவள் சிரிப்பை விட்டு எழுந்து கைகூப்பினாள். அவன் பயந்து நிறுத்திவிட்டான்.

“வாசிப்பா, அம்மன் கிளம்பட்டும்,” என்றாள்.